பத்தடி அறையும் இரண்டு பரண்களும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அதிகாலைக் காட்சி ஒன்று நன்கு நினைவிருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதனுள் ஐந்து பேர், ஆறு பேர் படுத்துறங்குவர். விடியுமுன்னே அம்மா எழுந்து பாய்களைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். பாய் கிடந்த இடத்திலே தேநீர்க் கோப்பைகள் வந்து அமரும். பெரியவர்கள் கொழுந்து மலைக்குப் புறப்பட்டபின் அதே இடத்தில் பிள்ளைகளின் புத்தகங்கள் விரியும். இரவானதும் புத்தகங்கள் பரணேறும், பாய்கள் இறங்கும். ஓர் அறை ஒரே நாளில் மூன்று அறைகளாகி விடுகிறது. இதற்கு மந்திரம் ஏதும் இல்லை. எது இப்போது வேண்டும், எது பிறகு வேண்டும் என்று பிரித்தறிந்து, பிறகு வேண்டியதை ஒதுக்கிவைக்கும் ஒழுங்கு ஒன்றுதான் காரணம்.

கணினி என்னும் யந்திரமும் இதே ஒழுங்கினாலேயே தன் சிறிய அறையைப் பெரிதாக்கிக் கொள்கிறது. அதற்கு ‘மெய்நிகர் நினைவகம்’ என்று பெயர். பூனாகலையிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இப்பொழுது வீட்டுக் கணினிகளைக் காண்கிறோம். அவற்றுட் பல, கொழும்பிலே ஏதோ ஒரு காரியாலயத்தில் உழைத்துக் களைத்து, பழையன என்று விற்கப்பட்டு, மலையேறி வந்தவை. நினைவகம் குறைவு; ஆனால் உள்ளே இரண்டு வன்தட்டுகள் இருப்பதுண்டு. அத்தகைய யந்திரத்தில் மெய்நிகர் நினைவகத்தை இரு தட்டுகளிலும் பங்கிட்டு வைத்தால் நன்மை உண்டா என்பதே இவ்வார விஷயம். உண்டு, ஆயின் எப்பொழுது உண்டு, எப்பொழுது இல்லை என்பதை அறிந்துகொள்ளாமல் கைவைத்தால் தீமையும் உண்டு. அத்தீமையை அடியேன் என் கையாலேயே செய்துவிட்டுத்தான் இதனை எழுதுகின்றேன்.

முதலில் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். கணினிக்கு இருவகைச் சேமிப்பிடங்கள் உள்ளன. ஒன்று ‘ராம்’ எனப்படும் நினைவகம். நடைபெறும் வேலைக்கு உடனடியாக வேண்டியவை யாவும் இங்கேதான் இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் இதிலுள்ளவை மறைந்து போகும். மற்றையது வன்தட்டு. இது மின்சாரம் நின்றாலும் மறவாது. இடமும் மிகப் பெரிது. ஆனால் மிக மெதுவானது. நினைவகம் காம்பரா என்றால் வன்தட்டு பரண். காம்பரா நிறைந்து வழியும் நேரத்தில், அப்போதைக்கு வேண்டாதவற்றைக் கணினி தானாகவே வன்தட்டில் ஓரிடத்துக்கு அனுப்பிவிடுகிறது. வேண்டியபோது திரும்ப அழைக்கிறது. விண்டோஸில் அந்த இடத்துக்குப் பக்கக் கோப்பு என்று பெயர். ஏனெனில் சாமான்கள் யாவும் ஒரே அளவான ‘பக்கங்கள்’ என்னும் சிறு கட்டுகளாகவே ஏறி இறங்குகின்றன. சாதாரண வீட்டுக் கணினியில் ஒரு பக்கம் 4 கிலோபைட் அளவுடையது.

இந்த யுக்தி இன்று நேற்று வந்ததன்று. இங்கிலாந்திலே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பர்ன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ‘அட்லஸ்’ என்ற பெருங் கணினியை அமைத்தனர். 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆந் திகதி அது தொடக்கி வைக்கப்பட்டது. அதன் விரைவான நினைவகத்தில் 16,384 சொற்களுக்கு மட்டுமே இடம். மெதுவான காந்த உருளைகளிலோ 98,304 சொற்களுக்கு இடம் இருந்தது. கில்பர்ன் குழுவினர் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, நிரல் எழுதுபவருக்கு ஒரே நினைவகம் போலத் தோன்றச் செய்தனர். ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள். ஆகவே விரைவான நினைவகத்தில் ஒரே நேரத்தில் 32 பக்கங்களே இருக்கலாம். முப்பத்து மூன்றாவது பக்கம் வேண்டுமானால் ஒன்று வெளியேற வேண்டும். எதை வெளியேற்றுவது? எந்தப் பக்கம் அண்மையில் எவ்வாறு பயன்பட்டது என்று கவனித்துக் கற்றுக்கொள்ளும் நிரல் ஒன்று அதனைத் தீர்மானித்தது. எந்தப் பாயை எப்போது சுருட்டுவது என்று நம் தாய்மார் அறிந்ததை யந்திரத்துக்கும் அறிவித்தார்கள் என்று சொல்லலாமல்லவா?

ஆனால் எல்லாப் பெரிய யந்திரங்களிலும் இவ்வசதி உடனே வந்துவிடவில்லை. 1970இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசையில் 155ஆம் இலக்கக் கணினியை அறிவித்தபோது அதில் மெய்நிகர் நினைவகத்துக்கான ஏற்பாடு இருக்கவில்லை. 1972இலேதான் அதனைப் பின்னர் பொருத்திக்கொள்ளும் வழி அறிவிக்கப்பட்டது. அந்த வகைக் கணினியே 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது. பெருங் கல்விக்கூடம் ஒன்றுக்கு ஒன்றாக வந்த யந்திரங்களில் அன்று விலை கொடுத்துப் பின்னர் சேர்க்க வேண்டியிருந்த வசதி, இன்று லயத்து இஸ்தோப்பில் இருக்கும் பழைய பெட்டியிலும் கேளாமலே இருக்கிறது. அதனைச் சரியாக அமைத்துக்கொள்ளும் அறிவு ஒன்றே நாம் தேட வேண்டியது.

இனி நடந்ததைக் கூறுகிறேன். எமது பக்கத்தில் ஒரு குடும்பம். தாயும் தந்தையும் தோட்டத்தில் வேலை. மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நின்று உழைத்து, பழைய கணினி ஒன்றை வாங்கித் தங்கைக்கு அனுப்பினான். தங்கை உயர்தர வகுப்பு மாணவி. அவளுக்குப் புவியியலில் ஓர் ஒப்படை. மழையும் மண்சரிவும் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். எம்மவர்க்கு இது புத்தகப் பொருளன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதரையும் மண் மூடிய கொடுமையை மறந்தவர் யார்? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. முதியவர்களைக் கண்டு, எந்த மேட்டில் எந்த மழைக்கு நீர் ஊறியது, எங்கே நிலம் வெடித்தது என்று கேட்டு, அவற்றைத் தேசப்படத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஆசைப்பட்டாள்.

பெரிய படங்கள், நிழற்படங்கள், எழுத்து வேலை ஆகிய மூன்றையும் ஒருங்கே திறந்தால் 4 கிகாபைட் நினைவகம் என்ன செய்யும்? யந்திரம் திக்குமுக்காடியது. ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றுவதற்குள் ஒரு வாய்த் தேநீர் குடித்து விடலாம். “சேர், பெட்டி உள்ளுக்குள்ளே உருட்டிக்கொண்டே இருக்குது, வேலை மட்டும் நடக்குதில்லை” என்று தாய் வந்து சொன்னாள். அதைவிடத் தெளிவாக இந்நோயை எவரும் வர்ணித்ததில்லை.

அந்நோய்க்கு ஆங்கில அறிஞர் இட்ட பெயர் ‘திராஷிங்’. 1968இல் பீட்டர் டெனிங் என்னும் அமெரிக்க அறிஞர் அதன் காரணத்தை விளக்கினார். எந்த வேலைக்கும் அந்நேரத்தில் இன்றியமையாத பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு. அத்தொகுதி முழுவதும் நினைவகத்தில் இருக்க இடமில்லையெனில், ஒரு பக்கத்தை இறக்க மற்றொன்றை ஏற்ற வேண்டும். ஏற்றியது அடுத்த கணமே வேண்டியதாகிவிடும். மீண்டும் இறக்க வேண்டும். பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே இரவு கழிந்தால் உறங்குவது எப்போது?

தாமதம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய இடம் முனையின் கீழ் வந்துசேரச் சராசரி அரைச்சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகம், காத்திருத்தல் வேண்டும். வாசிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர மேலும் ஏறக்குறைய 9 மில்லிசெக்கன். ஆக 13 மில்லிசெக்கன். நினைவகத்திலிருந்து எடுப்பதற்கோ மில்லிசெக்கனின் பதினாயிரத்தில் ஒரு பங்கே போதும். காம்பராவில் உள்ள பொருளை எடுக்க ஒரு செக்கன் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பரணிலிருந்து எடுக்க 36 மணித்தியாலம், அதாவது ஒன்றரை நாள்! இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டவர்கள் மெய்நிகர் நினைவகத்தைப் பற்றித் தவறான நம்பிக்கை கொள்ளார்.

இரண்டு தட்டுகள் என்ற எண்ணம் இங்கேதான் எழுகின்றது. ஒரு பரணும் ஏறி இறங்க ஒரு சிறுவனும் மட்டும் இருந்தால், அவன் ஒன்றை ஏற்றி முடித்த பின்பே மற்றொன்றை இறக்குவான். இரண்டு பரண்களும் இரண்டு சிறுவர்களும் இருந்தால், ஒருவன் ஏற்றும்போதே மற்றவன் இறக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் நேரம் குறைவதில்லை; ஆனால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. மேலும் விண்டோஸும் நிரல்களும் முதலாந் தட்டிலே இருப்பதால் அந்தச் சிறுவனுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பக்கங்களை ஏற்றி இறக்கும் வேலையை இரண்டாமவனிடம் கொடுத்தால் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருப்பர். அட்லஸ் கணினியின் உருளைச் சேமிப்பும் ஒரே உருளையாக இருக்கவில்லை. நான்கு உருளைகளாகவே இருந்தது.

முதற் பிழையை அந்தப் பிள்ளையின் அண்ணன் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்துச் செய்வித்தான். ‘சி’ என்றும் ‘டி’ என்றும் இரண்டு பிரிவுகள் திரையில் தோன்றின; இரண்டிலும் ஒவ்வொரு பக்கக் கோப்பை வைக்கச் சொன்னான். வைத்தபின் யந்திரம் முன்னிலும் மோசமாயிற்று. காரணம் எளிது. ‘சி’யும் ‘டி’யும் ஒரே வன்தட்டின் இரு பிரிவுகள். ஒரே பரணின் இரு மூலைகளில் இரு பெட்டிகளை வைத்துவிட்டு, ஒரே சிறுவனை அங்குமிங்கும் ஓடச் சொன்னது போலாயிற்று. எழுத்து இரண்டு என்பதால் தட்டு இரண்டு ஆகிவிடாது. இதனைச் சோதிக்க விண்டோஸில் ‘டிஸ்க் மனேஜ்மன்ட்’ என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று தனித்தனி வரிசைகளாகக் காட்டப்படுபவையே தனித்தனித் தட்டுகள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து உள்ள பிரிவுகள் யாவும் ஒரே தட்டைச் சேர்ந்தவை. அந்தக் கணினியில் ‘டிஸ்க் 1’ என்று உண்மையாகவே இரண்டாவது தட்டு ஒன்றும் இருந்தது. ‘ஈ’ என்ற பெயருடன் எவரும் தொடாமற் கிடந்தது.

இரண்டாம் பிழை என்னுடையது. ‘ஈ’ தட்டைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பொங்கிற்று. முதலாந் தட்டிலிருந்த பக்கக் கோப்பை முழுவதும் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் இரண்டாந் தட்டிலேயே வைத்தேன். உண்மையாகவே வேகம் கூடிற்று. பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி. தாய் கொண்டுவந்த தேநீரை வெற்றிவீரனைப் போலக் குடித்தேன். இரண்டாந் தட்டிலிருந்து இடையிடையே ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. “அது என்ன சேர்?” என்று பிள்ளை கேட்டாள். “பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும்” என்றேன். அந்த ஒரு பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகின்றேன்.

மூன்றாம் நாள் இரவு, முதியவர்கள் சொன்ன இடங்களை இரண்டு மணித்தியாலமாகப் படத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை. திடீரென்று திரை நீலமாயிற்று. ‘கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்று ஒரு வரி தோன்றிற்று. தட்டுக்கு அனுப்பிய பக்கம் ஒன்றைத் திரும்ப வாசிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். பழுதான பரண் உடைந்து, அதன்மீது வைத்த சாமான் விழுந்துவிட்டது. விண்டோஸே தனக்கு வேண்டியவற்றை அங்கே வைத்திருந்தமையால் அதனாலும் நிற்க முடியவில்லை. படம் சேமிக்கப்படாமலே போயிற்று. வழமையாக இத்தகைய வீழ்ச்சியின்போது விண்டோஸ், நடந்ததைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தான் குடியிருக்கும் தட்டின் பக்கக் கோப்பு வழியாக எழுதி வைக்கும். நான்தான் அங்கே பக்கக் கோப்பே இல்லாமற் செய்துவிட்டேனே! ஆகையால் அந்தக் குறிப்பும் எழுதப்படவில்லை.

செய்தி கேட்டு மறுநாட் காலை ஓடிச் சென்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற என்னைப் பார்த்து, “பரவாயில்லை சேர், இடங்கள் எல்லாம் எனக்குப் பாடம்” என்றாள் அந்தப் பிள்ளை. சொன்னபடியே கண்ணை மூடி ஒவ்வொரு மேட்டின் பெயரையும் ஒப்புவித்தாள். யந்திரத்தின் நினைவு உடைந்த இடத்தில் மனித நினைவு நின்றது. ஆயினும் அது என் பிழையை நீக்கிவிடுமா?

பிறகு பொறுமையாக இருந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். வன்தட்டுகள் தம் நலத்தைத் தாமே குறித்துவைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அக்குறிப்பை வாசிக்கும் இலவச நிரல்களும் கிடைக்கின்றன. பழுதடைந்து, வேறிடம் மாற்றப்பட்ட பகுதிகள் இத்தனை என்று அது காட்டும். அந்த இரண்டாந் தட்டிலே அந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, எனது பழைய கணினியில் நலமாயிருந்த ஒரு தட்டை எடுத்துப் பொருத்தினேன். செய்த பிழைக்கு அதுவே சிறு பரிகாரம்.

அதன்பின் அமைத்த முறையை, செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, எவ்வளவு இடம் தேவை என்று அளந்தறிக. வழக்கமாகச் செய்யும் வேலைகள் யாவற்றையும் திறந்துவைத்து, ‘டாஸ்க் மனேஜர்’ என்பதில் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘மெமரி’ என்பதன் கீழ் ‘கமிட்டட்’ என்னும் எண்ணைப் பாருங்கள். அந்த வீட்டில் அது 6.5 கிகாபைட்டைத் தொட்டது. நினைவகமோ 4 கிகாபைட். குறைந்தது 2.5 கிகாபைட்டாவது பரணில் ஒதுக்கிவைக்க வேண்டும். அவசரத்துக்கு மேலும் அத்தனை இருப்பது நன்று. நினைவகத்தின் ஒன்றரை மடங்கு என்ற பழைய வாய்பாட்டைப் பலர் ஓதுவர். வேலையைப் பாராமல் நினைவகத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் வாய்பாடு அது, அளந்தறிதலே மேல்.

இரண்டாவதாக, ‘அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, ‘பெர்ஃபோமன்ஸ்’ என்பதன் கீழுள்ள ‘செட்டிங்ஸ்’, பின்பு ‘அட்வான்ஸ்ட்’, பின்பு ‘வர்சுவல் மெமரி’ என்பதில் ‘சேஞ்ச்’ என்று செல்லுங்கள். எல்லாத் தட்டுகளையும் விண்டோஸே கவனிக்கட்டும் என்று சொல்லும் கட்டத்தில் உள்ள அடையாளத்தை நீக்குங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸ் குடியிருக்கும் ‘சி’யில் சிறிய கோப்பு ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 1,024 மெகாபைட் வைத்தோம். வீழ்ச்சிக் குறிப்பை எழுத அது உதவும். இரண்டாந் தட்டில் பெரிய கோப்பு. நாங்கள் வைத்தது 4,096 மெகாபைட். ஆரம்ப அளவும் உச்ச அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். அளவு அடிக்கடி விரிந்தால் கோப்பு துண்டு துண்டாகச் சிதறும். முனையின் ஓட்டம் கூடும். ஒவ்வொரு தட்டுக்கும் அளவைக் கொடுத்தபின் ‘செட்’ என்பதை அழுத்த மறவாதீர்கள். பின்பு கணினியை நிறுத்தித் தொடக்குங்கள்.

இரு கோப்புகளுள் எதனைப் பயன்படுத்துவது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தட்டு முந்திப் பதில் தருகிறதோ அதனை விண்டோஸ் நாடும். ஆகையால் வேகமான, வேலை குறைந்த தட்டுக்கு இயல்பாகவே அதிக பங்கு செல்லும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு தட்டுகளிலும் இடம் ஒதுக்கி, இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண்ணைக் கொடுத்தால், அது பக்கங்களை மாறி மாறி இரண்டுக்கும் அனுப்பும். வெவ்வேறு எண்களைக் கொடுத்தால் உயர்ந்த எண் பெற்றது நிறைந்த பின்பே மற்றதை நாடும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றதால், பழைய யந்திரங்களில் லினக்ஸை நாடுவோர்க்கு இது பயன்படும்.

நகரும் பாகமில்லாத புதுவகைத் திண்மநிலைத் தட்டு ஒன்று வீட்டில் இருந்தால் கதை வேறு. காம்பராவில் ஒரு செக்கன் என்ற நம் கணக்கின்படி, அதிலிருந்து எடுக்க ஏறக்குறைய 17 நிமிஷமே ஆகும். ஒன்றரை நாள் எங்கே, பதினேழு நிமிஷம் எங்கே! அவ்வாறாயின் பக்கக் கோப்பை அதிலேயே வையுங்கள். சமத்துவம் பேணுவதாக எண்ணி மெதுவான பழைய தட்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் எந்நாளும் மறத்தலாகாது. மெய்நிகர் நினைவகத்தில் இருப்பது சேமித்த வேலையன்று. அது தட்டிலே எழுதப்பட்டிருந்தாலும், மின்சாரம் நின்றால் அதனைத் திரும்பப் பெற வழியில்லை. 2022இல் நாள்தோறும் பல மணித்தியாலம் மின்வெட்டுப் பட்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமோ? பத்து நிமிஷத்துக்கொரு முறை வேலையைச் சேமித்துக்கொள்ளும் பழக்கம் எந்த அமைப்பிலும் சிறந்தது.

அந்தப் பிள்ளையின் ஒப்படை உரிய நாளில் பாடசாலைக்குச் சென்றது. படத்தை இரண்டாந் தடவை குறித்தபோது, முதலில் விடுபட்ட இரண்டு இடங்களையும் சேர்த்துக்கொண்டாளாம். கணினி திக்காமல் ஓடிற்று என்று சொல்லமாட்டேன். முன்போலத் திக்கவில்லை என்றே சொல்வேன். சில மாதங்களின் பின் தாயின் சீட்டுப் பணம் வந்தது. பழைய நினைவகத் துண்டு ஒன்று, மேலும் 4 கிகாபைட், வாங்கிப் பொருத்தினார்கள். அன்றுதான் அந்த யந்திரம் நிமிர்ந்து மூச்சு விட்டது. இரண்டு பரண்களும் இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் ஏறி இறங்கும் ஓட்டம் அடங்கிவிட்டது.

இதிலிருந்து நான் கற்றது இது. நல்ல ஒழுங்கு நெருக்கடியைத் தாங்க வைக்கும், நெருக்கடியை நீக்கிவிடாது. இரண்டு தட்டுகளில் பங்கிட்டு வைத்தல் இல்லாதவர்க்கு ஏற்ற நல்ல யுக்தி. நினைவகம் வாங்க முடிந்த நாளில் அதற்குப் பதிலாக இந்த யுக்தியையே பற்றிக்கொண்டிருத்தல் பேதைமை. பத்தடி அறையில் ஆறு பேரை உறங்கவைத்த நம் தாய்மாரின் கைத்திறனைத் தலைவணங்கிப் போற்றுவோம். அந்தத் திறன் இருக்கிறதே என்பதற்காக அறை என்றும் பத்தடியாகவே இருக்கட்டும் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கணினியிலும் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், அன்பர்களே, அது என்னவென்று கேட்கும் பிள்ளைக்குச் செவி கொடுங்கள். அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம்.